பத்துத் தட்டுக்காரி

கூடையில் கிடக்கும் சூடை மீனைப் பார்த்த மாத்திரத்தில், ஆளுக்கு இரண்டு வருமா, ஒன்றரையோடு நிற்குமா என்று மெற்றில்டா சொல்லிவிடுவாள். ஆறு முட்டையைப் பத்துப் பேருக்குப் பங்கிட வேண்டுமானால் அவிக்கக் கூடாது. அவித்தால் பாதி எங்கே, முழுசு எங்கே என்று சண்டை வரும். வெங்காயமும் முருங்கையிலையும் நிறைய அரிந்து போட்டு அடித்துப் பொரித்தால் யாராலும் கணக்குப் பார்க்க முடியாது. இதையெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பதினைந்து வயதில் அந்தக் குசினிக்குள் போனவள், இருபத்தொரு வயதிலும் அங்கேதான் நிற்கிறாள்.

கல்முனையில், கடற்கரை வீதியிலிருந்து மூன்று ஒழுங்கை உள்ளே தள்ளி அவர்களுடைய வீடு. அப்பா குணம் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞர். ஞாயிற்றுக்கிழமைகளில் கத்தோலிக்கக் கோயிலில் மறைக்கல்வி படிப்பிப்பவர். அம்மா ஜசிந்தா. பிள்ளைகள் எட்டு. மூத்தவள் மெற்றில்டா, கடைக்குட்டி லூர்த்து. கடவுள் தருகிற பிள்ளையை வேண்டாம் என்று சொல்ல நாம் யார் என்பது குணத்தின் கேள்வி. பெற்றுப் பெற்று இடுப்பு விட்டுப்போன ஜசிந்தாவிடம் அதற்கு ஒரு பதில் இருந்திருக்கலாம். அவளை யாரும் கேட்கவில்லை.

2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கோயில்களில் குண்டு வெடித்தபோது மெற்றில்டா பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். குணம் மட்டக்களப்புக்குப் போய்ச் சொந்தக்காரப் பிள்ளை ஒன்றின் சவப்பெட்டியைத் தூக்கிவிட்டு வந்தார். அந்தக் கிழமையே பக்கத்து ஊரான சாய்ந்தமருதிலும் வெடிச்சத்தம் கேட்டது. அதற்கு அடுத்த நாள் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துச் சொன்னார்:

"இனி என்ட பிள்ளைகள் ஒருத்தரும் படலையத் தாண்டிப் படிக்கப் போறதில்ல. வீடுதான் பள்ளிக்கூடம். பக்கத்து வீட்டோடயும் கதை பேச்சு வேண்டாம்."

பக்கத்து வீடு றாஹிலாவுடையது. முஸ்லிம் வீடு; குண்டு வைத்தவர்களும் முஸ்லிம்கள் என்பதே குணத்துக்குப் போதும். கணவன் இல்லாதவள், தையல் தைக்கிறவள். அவளுடைய மகள் ஸம்றாவுக்கும் மெற்றில்டாவுக்கும் ஒரே வயது. இரண்டு பேரும் வேலியில் தொங்கிக்கொண்டு வளர்ந்தவர்கள்.

பள்ளிக்கூடங்கள் திறந்தன, ஊர்ப் பிள்ளைகள் போனார்கள். குணத்தின் பிள்ளைகள் போகவில்லை. கொஞ்ச நாளில் அவருக்கும் மனம் இளகியிருக்கும். அதற்குள் கொரோனா வந்து எல்லாப் பள்ளிக்கூடங்களையும் பூட்டியது. அது முடிய, பெற்றோலும் இல்லை, சமையல் காஸும் இல்லை என்ற காலம் வந்தது. மூன்று வருசமும் வரிசையாக வந்து குணத்துக்கே சாட்சி சொல்லின. "பாத்தியா?" என்பார் மனைவியிடம். ஜசிந்தா தலையாட்டுவாள்.

கதவில் இரண்டு அட்டவணைகள் ஒட்டியிருந்தன. ஒன்று குணம் எழுதிய பாட அட்டவணை: காலைச் செபம், கணிதம், தமிழ், ஞானோபதேசம். மற்றது பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் மெற்றில்டா எழுதிய சாப்பாட்டு அட்டவணை. திங்கள் பருப்பும் வல்லாரைச் சம்பலும், செவ்வாய் பூசணிக்காய், புதன் சூடை, வெள்ளி ஒறுத்தல் என்பதால் கீரையும் சொதியும். குணம் எட்டு மணிக்குக் கந்தோருக்குப் போய்விடுவார். அதன்பிறகு வாத்தியாரும் அவள்தான், சமையற்காரியும் அவள்தான். ஒரு கையால் தேங்காய் திருவிக்கொண்டு மற்றவர்களுக்குப் பின்னம் சொல்லிக் கொடுப்பாள். பின்னேரம் குணம் வந்து கேள்வி கேட்பார். பிழையாகச் சொன்ன பிள்ளை, மற்றவர்கள் சாப்பிட்டு முடியும்வரை முழங்காலில் நிற்க வேண்டும். அந்தப் பிள்ளையின் தட்டை மூடி வைக்கிற வேலையும் மெற்றில்டாவுக்குத்தான்.

"உன்ட கைக்கு ஒரு வரம் இருக்கு மகள். பத்துத் தட்டையும் நிரப்புறாய்" என்று குணம் ஒருநாள் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காக அவள் மூன்று மாதம் பறந்து பறந்து வேலை செய்தாள். பிறகு அதை நினைத்தாலே அவளுக்குக் கூசும்.

2022 ஹஜ்ஜுப் பெருநாள் அன்று அட்டவணையில் இரண்டு நேரமும் மரவள்ளிக்கிழங்கு என்று எழுதியிருந்தது. மத்தியானம் றாஹிலா வேலிக்கு மேலால் ஒரு பெரிய சட்டியை நீட்டினாள். "பிள்ளைகளுக்குக் குடு புள்ள. வாப்பா அறிய வேணாம்." மூடியைத் திறந்ததும் நெய்ச்சோற்று வாசம் வீடு முழுக்க ஓடியது. இறைச்சித் துண்டுகள் மேலேயே தெரிந்தன. ஐந்து வயது லூர்த்து சட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று ஞாயிறு, மறைக்கல்வி முடித்து அப்பா வந்து படுத்திருப்பதை அவர்கள் மறந்திருந்தார்கள். குணம் அறையிலிருந்து வெளியே வந்தார்.

"மம்பட்டிய எடு" என்றார்.

வாழையடியில் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டச் சொன்னார். எட்டுப் பிள்ளைகளையும் சுற்றி நிற்கச் சொன்னார். மெற்றில்டாதான் தோண்டினாள், அவள்தான் கொட்டினாள், மண்ணைப் போட்டு மிதித்ததும் அவள்தான். "பசிய அடக்கப் பழகினாத்தான் மனுசர்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். லூர்த்து தன் விரலை மணந்து பார்த்துக்கொண்டே நின்றாள். பின்னேரம் மெற்றில்டா சட்டியைக் கழுவி வேலியால் கொடுத்தாள்.

"நல்லாச் சாப்பிட்டாங்களா புள்ள?"

"ஓம் அன்ரி. நல்லாச் சாப்பிட்டாங்க."

அதற்குள் ஸம்றா சாதாரண தரப் பரீட்சை எழுதி, ஏ எல் என்கிற உயர்தரத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள்; அடுத்தது ஒலுவில் பல்கலைக்கழகம் என்பாள். மெற்றில்டா சாதாரண தரம்கூட எழுதவில்லை. ஒவ்வொரு வருசமும் கேட்டுப் பார்த்தாள். லூர்த்து எழுத்துப் பழகட்டும் என்றார் குணம். அவள் பழகினாள். லூர்த்து கோயிலில் முதல் நன்மை எடுக்கட்டும் என்றார்.

2023 கடைசியில் ஸம்றா வேலியடியில் நின்று கைபேசியில் அவளுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தாள், தனிப்பட்ட பரீட்சார்த்தியாக. அனுமதி அட்டையையும் அவளே கொமியூனிகேஷன் கடையில் அச்செடுத்து வந்தாள். அதை மறைக்க மெற்றில்டாவுக்குத் துணிவு வரவில்லை. அப்பாவின் முன்னால் கொண்டுபோய் வைத்தாள். அடி விழும் என்றுதான் நினைத்தாள். குணம் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார்.

"நான் படிப்பிச்சதுதானே. எழுதிக் காட்டு" என்றார். "அடையாள அட்டைய பரீட்சை அண்டைக்குத் தாறன்."

வீட்டில் எல்லாருடைய அடையாள அட்டைகளும் அவருடைய அலுமாரியில்தான் பூட்டிக் கிடக்கும். அட்டை இல்லாமல் மண்டபத்துக்குள் விடமாட்டார்கள்.

அந்த நாட்களில் மெற்றில்டாவுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. பரீட்சை நாட்களுக்கென்று தனியாக ஓர் அட்டவணை போட்டாள். அம்மாவுக்கு லேசாக இருக்க வேண்டும் என்று மிளகாய்த்தூள், மாசிச் சம்பல், வறுத்த மா எல்லாம் போத்தல் போத்தலாக நிரப்பினாள். எந்த நாளைக்கு எத்தனை சுண்டு அரிசி, எந்தச் சட்டி, யாருக்கு உறைப்பு ஆகாது என்பதெல்லாம் எழுதி அம்மாவின் கையில் கொடுத்தாள். ஜசிந்தா தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "நீ பயப்பிடாத மகள்" என்றாள்.

2024 மே, பரீட்சையின் முதல் நாள், விடியவே பிட்டு அவித்து வைத்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டு வந்து நின்றாள். குணம் ஏற்கெனவே புறப்பட்டுவிட்டார். அன்று அம்பாறையில் கூட்டம். அலுமாரி பூட்டியிருந்தது.

"பப்பா என்ட அட்டையத் தந்தாராம்மா?"

"இல்லையே."

"அலுமாரித் திறப்பு?"

"எனக்குத் தெரியா மகள். அவர்தான் கொண்டுபோயிருப்பார்."

அப்பாவின் கைபேசி எடுபடவில்லை. மெற்றில்டா அலுமாரியை அரிவாளால் நெம்பிப் பார்த்தாள். தம்பி தங்கச்சிகள் மேசை, தலையணை, பைபிள் எல்லாம் புரட்டினார்கள். ஜசிந்தாவும் அவர்களோடு சேர்ந்து தேடினாள்; கட்டிலுக்கு அடியில் குனிந்துகூடப் பார்த்தாள். எட்டரை ஆனது. ஒன்பது ஆனது. அட்டை இல்லாமலே மண்டபத்துக்கு ஓடிய மெற்றில்டாவை வாசலில் நின்றவர் திருப்பி அனுப்பினார். வந்து வெள்ளைச் சட்டையைக் கழற்றாமலே குசினிக்குள் போய் அரிசி களைந்தாள். அன்று திங்கள், பருப்பு.

பின்னேரம் குணம் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "எப்படி எழுதினாய்?"

"நீங்க அட்டைய வச்சிக்கொண்டு போனா நான் எப்படி எழுதிற?"

"நானா? விடியக்காலம் உன்ட அம்மாட்ட குடுத்திட்டுத்தானே போனன்."

எல்லாரும் ஜசிந்தாவைப் பார்த்தார்கள். அவள் சட்டைக்குள் கைவிட்டு அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். நாள் முழுக்க வியர்வையில் நனைந்து அது வளைந்திருந்தது.

"என்னத்துக்கம்மா?"

"நீ பாஸ் பண்ணினா ஏ எல் எண்டுவாய். மறுகா ஸம்றாவப் போல கம்பஸ் எண்டுவாய்." ஜசிந்தாவின் குரல் உயரவில்லை. "இதுகளுக்கு ஆர் சமைக்கிற? நானா? என்னால ஏலாது. பதினாறு வருசம் நான் செய்தன். இனி ஏலாது."

அப்பா கொடுமைக்காரர் என்று மெற்றில்டா உள்ளுக்குள் எழுதி வைத்திருந்தாள். அம்மாவைப் பற்றி ஒன்றும் எழுதி வைத்திருக்கவில்லை. அதனால் அழுகை வரவில்லை. எங்கே அழுவது என்று தெரியவில்லை. குணம் அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தார். "ஒரு பாடம் போனா எல்லாம் போன மாதிரித்தான். கடவுள் சித்தம் அதுவெண்டா நாம என்ன செய்யிற" என்றார். பிறகு சாப்பாடு போடச் சொன்னார்.

அடுத்த தை மாதம் கல்விக் கந்தோரிலிருந்து ஓர் உத்தியோகத்தர் வந்தார். பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வைத்திருப்பது குற்றம் என்று சொல்லிப் பெயர்களை எழுதினார். நீதிமன்றம் என்ற சொல்லைக் கேட்டதும் குணம் அடங்கிப் போனார். பதினாறைத் தாண்டிய இரண்டு பேரை விட்டு, ஐந்து பெயர் எழுதிய பிறகு உத்தியோகத்தர் மெற்றில்டாவை நிமிர்ந்து பார்த்தார்.

"இவவுக்கு வயசு போயிற்று. இவவால எங்களுக்குப் பிரச்சினையில்ல."

பாட அட்டவணை கதவிலிருந்து கிழிந்தது. சாப்பாட்டு அட்டவணை இன்னும் நீண்டது. இப்போது ஐந்து பேருக்கும் பள்ளிக்கூடச் சாப்பாடு கட்ட வேண்டும். விடியற்காலை நாலரைக்கு எழும்பி மெற்றில்டா கட்டினாள். சீருடையில் ஐந்து பேரும் படலையைத் தாண்டிப் போவதைக் குசினி யன்னலால் பார்த்தாள். ஒருநாள் மட்டும் எல்லாப் பெட்டிக்கும் உப்பில்லாமல் கட்டினாள். பிள்ளைகள் திரும்பி வந்து ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவளை இன்னும் எரித்தது.

அந்த வருசமே ஜசிந்தாவுக்கு நீரிழிவு என்னும் சீனி வருத்தம் என்று தெரிய வந்தது. கிளினிக்கில் டொக்டர் மாத்திரையோடு ஒரு தாளும் கொடுத்தார்: சோறு ஒரு கோப்பை, மீன் ஒரு துண்டு, மரக்கறி வேண்டிய அளவு. ஜசிந்தாவுக்கு எழுத்து மங்கலாகத் தெரியும். மெற்றில்டா தாளை வாங்கி வாசித்தாள், மடித்து வைத்துக்கொண்டாள். அன்றே அம்மாவுக்கென்று அட்டவணையில் ஒரு நிரல் கூடியது. சோறு அரைக் கோப்பை. மீன் இல்லை.

"இவ்வளவுதானா மகள்?"

"டொக்டர் சொன்னது."

ஜசிந்தா மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு தன் அரைக் கோப்பையை மெதுவாகப் பிசைவாள். சுவருக்கு முகம் திருப்பிச் சாப்பிடப் பழகினாள். கையெலும்பு துருத்தியது. மெற்றில்டா பார்த்தாள், பார்க்கப் பார்க்க அவளுக்கு ஏதோ ஆறியது. அது என்ன என்று அவள் தேடிப் பார்க்கவில்லை.

ஆவணி வெயிலில் ஒரு மத்தியானம் ஜசிந்தா கிணற்றடியில் விழுந்தாள். உடம்பு நடுங்கி, சட்டை நனைந்து, வாய் குளறியது. பள்ளிக்கூடம் விட்டு வந்த லூர்த்து கத்திக்கொண்டு வேலிக்கு ஓடினாள். ஆறு வருசத்துக்குப் பிறகு றாஹிலா அந்தப் படலையைத் திறந்து வந்தாள். சீனித் தண்ணீர் கரைத்துப் பருக்கினாள். மடியில் தலையை வைத்து விசிறினாள். கொஞ்சம் தெளிந்ததும், மூடி வைத்திருந்த ஜசிந்தாவின் தட்டைத் திறந்து பார்த்தாள்.

"இவ்வளவு சோறுதானா புள்ள டொக்டர் குடுக்கச் சொன்ன?"

மெற்றில்டா அம்மாவைப் பார்த்தாள். ஜசிந்தா கண்ணைத் திறந்திருந்தாள். அவளுக்குத் தெரியும் என்பது அந்தக் கண்ணில் இருந்தது. எத்தனை நாளாகத் தெரியும் என்பதுதான் தெரியவில்லை.

"ஓம் அன்ரி."

"ஓம் றாஹிலா" என்றாள் ஜசிந்தாவும். "டொக்டர்தான் சொன்னவர்."

றாஹிலா நம்பிக்கொண்டு போனாள். லூர்த்து அம்மாவின் காலைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். மெற்றில்டா உலையை இறக்கி வைத்தாள்.

அடுத்த நாள் அம்மாவின் தட்டில் ஒரு கரண்டி சோறு கூடப் போட்டாள். மீன் போடவில்லை.