பிட்சரின் வலது கால்

1. யார் பார்ப்பது?

பிட்சரின் வலது காலைப் பார்ப்பதற்கென்றே ஒரு ஆள் வேண்டும் என்று நான் சொன்னபோது எங்கள் தலைமையாசிரியை சிரித்துவிட்டார். "காலைப் பாக்கிறதுக்கு ஒரு அம்பயரா? கையைப் பாக்க இன்னொருத்தரா?" என்று கேட்டார்.

அறுபதுகளின் நடுவில் புதுக்கோட்டையில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ட்ரில் டீச்சராகச் சேர்ந்தேன். வயது இருபத்து மூன்று. சென்னையில் பயிற்சி முடித்தபோது சாஃப்ட்பால் என்ற ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். விதிப் புத்தகமும் ஒன்று கையில் இருந்தது. எங்கள் வட்டாரத்தில் அந்தப் புத்தகம் வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். அதனால் எங்கள் பள்ளி டீமுக்குக் கோச்சும் நான், சுற்று வட்டாரப் பள்ளிகள் சேர்ந்து ஆடும் மேட்சுகளுக்கு அம்பயரும் நான். இப்படிச் செய்யக் கூடாது என்று இன்று சொல்வீர்கள். அன்றும் எனக்குத் தெரியும். வேறு ஆள் இல்லை.

ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. பந்து வீசுகிற பெண்தான் பிட்சர். நடுவில் இரண்டடி நீளத்துக்கு ஒரு பலகை பதித்திருக்கும். இரண்டு காலும் அந்தப் பலகையில் படும்படி நின்று, பந்தை இரு கையாலும் பிடித்து, ஒரு நொடி அசையாமல் இருக்க வேண்டும். பிறகு கீழ்க்கையாக வீசலாம். வீசும்போது முன்னால் ஒரே ஒரு எட்டு வைக்கலாம். வலது கைக்காரியாக இருந்தால் இடது கால் முன்னே போய்த் தரையில் படும்வரை வலது கால் பலகையை விடக் கூடாது. விட்டுத் தாவினால் பந்து வீசும் தூரம் குறையும், வேகம் கூடும், அடிக்கிறவள் பாடு திண்டாட்டம். அப்படித் தாவினால் அது 'இல்லீகல் பிட்ச்'. அடிக்கிற பெண்ணுக்குச் சாதகமாக ஒரு 'பால்' கணக்கு. பேஸில் நிற்கிற ஓட்டக்காரிகள் எல்லாரும் சும்மாவே ஒரு பேஸ் முன்னேறலாம். மூன்று பேஸையும் தாண்டி 'வீடு' வந்து சேர்ந்தால் ஒரு ரன்.

எனக்குத் துணை அம்பயராகப் பையன்கள் பள்ளியிலிருந்து அருணாசலம் சார் வந்தார். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்த ட்ரில் மாஸ்டர். புத்தகத்தை இரண்டே நாளில் படித்து முடித்தார். அடிக்க வாகில்லாமல் வந்த பந்து பால், நல்ல பந்தை அடிக்காமல் விட்டால் ஸ்ட்ரைக் என்று எல்லாம் சரியாகச் சொன்னார். எண்ணிக்கை தவறக் கூடாதென்று சட்டைப்பையில் புளியங்கொட்டை வைத்திருந்து, ஒவ்வொன்றாகக் கை மாற்றிக்கொள்வார். ஆனால் கால் விஷயம் வந்ததும் பின்வாங்கிவிட்டார்.

"பந்தை நான் பாத்துக்கிறேம்மா. பொம்பளப் புள்ளைக காலை நான் குனிஞ்சு பாக்கிறது நல்லா இருக்காது. அதை நீங்களே பாருங்க."

அவர் சொன்னதும் நியாயம்தான். எல்லாரும் கணுக்கால் வரை பாவாடை கட்டி ஆடிய காலம். குனியாமல் கால் தெரியாது. அதனால் அவர் பந்தைப் பிடிக்கிற கேட்சருக்குப் பின்னால் நின்றார். நான் பிட்சருக்குப் பக்கவாட்டில், பத்தடி தள்ளி, முழங்காலில் கை ஊன்றி நின்றேன். வெள்ளைப் புடவை, கான்வாஸ் ஷூ. மேட்ச் முடியும்போது புடவையின் கீழ்ப்பாதி செம்மண் நிறத்துக்கு வந்திருக்கும்.

2. சுண்ணாம்புக் கோடு

இரண்டாம் வருஷம் ஃபைனல் எங்கள் மைதானத்திலேயே நடந்தது. எங்கள் பள்ளியோடு மோதியது கடற்கரைப் பக்கத்து ஊர் ஒன்றின் பள்ளி. அவர்களுடைய பிட்சர் ஜெய்த்தூன் பீவி. ஒல்லியான பெண். வலது கையை ஒரு சுற்றுச் சுற்றி விட்டாள் என்றால் பந்து கண்ணுக்குத் தெரியாது, கேட்சரின் கிளவுசில் சத்தம் மட்டும் கேட்கும். அவளுக்குத் தாவுகிற பழக்கம் உண்டு என்பது எனக்குத் தெரியும். முந்தைய மேட்சில் இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். திருத்திக்கொண்டுதான் வந்திருந்தாள்.

ஏழாவது இன்னிங்ஸ், கடைசி. இரண்டு டீமும் மூன்று ரன். எங்கள் பெண்கள் அடிக்கிறார்கள், இரண்டு பேர் அவுட். மூன்றாவது பேஸில் மீனாள் நிற்கிறாள். அவள் வீடு வந்து சேர்ந்தால் கப்பு எங்களுக்கு. ஷாமியானாவுக்குள் எங்கள் தலைமையாசிரியை, பக்கத்தில் சீஃப் கெஸ்ட், முன்னால் மேசையில் கப்பு.

ஜெய்த்தூன் வீசினாள். வலது கால் சர்ரென்று முன்னால் வந்தது. பலகையைச் சுற்றிப் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டை ஒரு சாண் தாண்டி அவள் கால் நின்றது. நான் விசிலடித்துக் கையை உயர்த்தினேன்.

"இல்லீகல் பிட்ச்!"

மீனாள் துள்ளிக்கொண்டு வீடு வந்தாள். எங்கள் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கட்டிக்கொண்டார்கள். எதிர்ப் பள்ளியின் ஜெபமணி டீச்சர் கோட்டைத் தாண்டி நேராக என்னிடம் வந்தார்.

"ஒங்க பள்ளிக்கூடந்தான் ஜெயிக்கணும்னா மொதல்லயே ஒரு கடுதாசி போட்டிருக்கலாமே டீச்சர். நாங்க விடியக்காலைல பஸ் ஏறாமயாவது இருந்திருப்போம்."

சுருக்கென்று தைத்தது. பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் கவனித்தேன். ஜெய்த்தூன் நின்ற இடத்தை விட்டு நகரவே இல்லை. இடது கால் முன்னால், வலது கால் பின்னால், வீசி முடித்த அதே நிலை. அழவுமில்லை.

"ஏம்மா அப்படியே நிக்கிறே?" என்று கேட்டேன்.

"நான் காலை எடுக்கல டீச்சர். பலகைதான் என்கூட வந்துச்சு. இப்ப நான் நகந்தா அடையாளம் கலைஞ்சு போயிரும். நீங்க இங்கிட்டு வந்து பாருங்க."

போய்க் குனிந்தேன். புழுதியைக் கையால் விலக்கினேன். அவள் வலது கால் பலகையின் மேல்தான் இருந்தது. பலகைதான் சுண்ணாம்புக் கோட்டை விட்டு ஒரு சாண் முன்னால் வந்திருந்தது. சரளை மண்ணில் அடித்த ஆணி நாலில் இரண்டு பிடுங்கிக்கொண்டு சாய்ந்து கிடந்தது. பலகை முன்பு இருந்த இடத்தில் புது மண் சிவப்பாகத் தெரிந்தது.

நான் பலகையைப் பார்க்கவே இல்லை. புழுதியில் கோடு மட்டுந்தான் தெரிந்தது. கோட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். அருணாசலம் சாரும் வந்து குனிந்து பார்த்தார். முதன்முதலாக ஒரு பிட்சரின் காலை அன்றுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"பலகை பேந்துருச்சேம்மா. இப்ப என்ன செய்யப் போறீங்க?"

ஷாமியானாவுக்குப் போனேன். எனக்குச் சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடுகிறவர் தலைமையாசிரியை. இன்னும் என் வேலை நிரந்தரமாகவில்லை.

"அம்மா, நான் சொன்னது தப்பு. அந்தப் பந்து செல்லாது. மறுபடி வீசச் சொல்லணும்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "அம்பயர் சொன்னா சொன்னதுதான்னு நீங்கதானே எங்களுக்குப் படிச்சுக் காட்டினீங்க? சீஃப் கெஸ்ட் கௌம்பணும்ங்கிறார். முடிஞ்சது முடிஞ்சதாவே இருக்கட்டுங்க."

"கால் தாவுச்சா இல்லையாங்கிறதுல நான் சொல்றதுதாம்மா முடிவு. ஆனா பலகையே நகந்துபோச்சு. ஆடுற எடமே சரியில்லாதப்ப நான் எதை வச்சுச் சொல்றது?"

அவர் மேசையிலிருந்த கப்பைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

3. இரண்டாவது விசில்

கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த எங்கள் பிள்ளைகளைப் பிரித்து, மீனாளை மறுபடி மூன்றாவது பேஸுக்கு அனுப்பியது அன்றைய வேலைகளிலேயே கஷ்டமான வேலை. "டீச்சர், நீங்க நம்ம டீச்சர்தானே?" என்று கேட்டுவிட்டுத்தான் போனாள்.

பலகையை இழுத்துக் கோட்டுக்குள் வைத்தோம். பழைய ஆணி நிற்காது. அருணாசலம் சார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஷாமியானா ஓரத்தில் கயிறு கட்டியிருந்த இரும்பு முளைகளில் இரண்டைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். கல்லால் அடித்து இறக்கினார். பலகை அசையவில்லை. ஷாமியானாவின் ஒரு பக்கம் தொங்கி, சீஃப் கெஸ்ட் தலையில் உட்காரப் பார்த்தது. வாட்ச்மேன் ஓடிப்போய்க் கம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். ஆட்டம் முடியும்வரை அவர் கையை இறக்கவில்லை.

ஆட்டம் தொடர்ந்தது. முதல் பந்து சுத்தம். ஸ்ட்ரைக். முன்னதோடு சேர்த்து இரண்டு; மூன்றாவதும் ஸ்ட்ரைக் ஆனால் எங்கள் பெண் அவுட், ஆட்டம் எட்டாவது இன்னிங்ஸுக்குப் போகும். ஜெய்த்தூன் பல்லைக் கடித்துக்கொண்டு கையைச் சுற்றினாள்.

தாவினாள். சந்தேகமே இல்லை. பாண்டி ஆடுகிற பிள்ளை கட்டம் தாண்டுகிற மாதிரி, வலது கால் பலகையை விட்டு எழும்பி, முன்னால் போய் ஊன்றி, அதன் பிறகுதான் பந்து கையை விட்டுப் போனது. பலகை முளையடித்த இடத்திலேயே இருந்தது.

விசில் வாயில் இருக்கிறது. ஊத மனம் வரவில்லை. இப்போது ஊதினால் மறுபடியும் என் பள்ளிதான் ஜெயிக்கும். 'சும்மா ஒரு நாடகம் ஆடிவிட்டு வாங்கவேண்டியதை வாங்கிக்கொண்டாள்' என்று ஊர் பேசும். ஊதாமல் விட்டால் என்னை நல்லவள் என்பார்கள். பார்த்தவள் நான் ஒருத்திதான், விட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு நொடி இதெல்லாம் மனதில் ஓடியது. ஆனால் அந்தக் காலைப் பார்க்கத்தானே என்னை அங்கே நிறுத்தியிருந்தார்கள்?

ஊதினேன். "இல்லீகல் பிட்ச். ரன்னர் வரலாம்."

இந்த முறை யாரும் துள்ளவில்லை. மீனாள்கூட ஓடவில்லை, என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்து வந்தாள். ஜெபமணி டீச்சர் பெஞ்சிலிருந்து எழுந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் ஜெய்த்தூன் கையை உயர்த்தினாள்.

"இல்ல டீச்சர், சண்டை போடாதீங்க. இந்தத் தடவை நான் தாவிட்டேன். பலகை அங்கனயே கெடக்கு, பாருங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அழுதாள். நன்றாக அழுதாள். எங்கள் டீம் பெண்கள் இரண்டு பேர் போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். கப்பு கொடுத்தபோது கைதட்டல் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருந்தது.

"ரெண்டு தடவையும் ஒரே தீர்ப்பைத்தானே சொன்னீங்க? கப்பும் அதே ஆளுக்குத்தான் போச்சு. எதுக்கும்மா இம்புட்டுப் பாடு?" என்று அருணாசலம் சார் சிரித்தார்.

தலைமையாசிரியை ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எட்டாம் நாள் கூப்பிட்டு, பலகை பதிக்க நீளமான ஆணி எத்தனை வேண்டும் என்று மட்டும் கேட்டார். அடுத்த ஜூனில் வேலை நிரந்தரமானது.

பிறகு முப்பது வருஷம் பல மைதானங்களில் அம்பயராக நின்றேன். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மேட்ச் தொடங்குமுன் பலகையை மிதித்துப் பாருங்கள். தப்பாகச் சொல்லிவிட்டால் எல்லார் முன்னாலும் மாற்றிச் சொல்லுங்கள், கூசாதீர்கள். மாற்றிச் சொன்ன பிறகு அடுத்த தீர்ப்பில் தயங்காதீர்கள். இதில் மூன்றாவதுதான் கஷ்டம்.

அந்த ஃபைனல் அன்று சாயங்காலம் ஜெய்த்தூனின் டீமை பஸ் ஏற்றிவிடப் போயிருந்தேன். பிள்ளைகளை எண்ணி ஏற்றிவிட்டு, ஜெபமணி டீச்சர் படியில் ஒரு காலை வைத்தபடி என் பக்கம் திரும்பினார்.

"அடுத்த வருஷம் ஃபைனல் எங்க ஊர்ல. ஒங்க டீம் வந்தாலும் சரி, வராட்டியும் சரி. அம்பயரா நீங்க வந்துருங்க."