திருட ஆள் வராத ஊர்

எல்லைக்கல் வந்ததும் வால்புர்கா பள்ளிப் பஸ்ஸின் ஹாரனை ஒரு தடவை அழுத்துவார். நீளமாக அல்ல, தெரிந்தவர் வீட்டைக் கடக்கும்போது ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போவதுபோல. காலையில் பிள்ளைகளை ஆல்டன்ப்ருக் நகரத்துப் பள்ளிக்கு அள்ளிக்கொண்டு போகும்போது ஒரு முறை, மத்தியானம் திரும்பும்போது ஒரு முறை. சாலையில் ஆள் இருக்காது, மாடு இருக்காது. முழங்கால் உயரக் கல் ஒன்று மட்டும் புல்லுக்குள் நிற்கும். புதிதாகப் பஸ் ஏறிய பிள்ளை யாராவது எதற்கு ஹாரன் என்று கேட்டால், கண்ணாடியில் அதன் முகத்தைப் பார்த்து, "அடுத்தவங்க வீட்டுக்குள்ள போறப்ப கதவைத் தட்ட மாட்டியா? அதான்" என்பார். "திரும்பி வர்றப்பவும் அடிக்கிறீங்களே?" என்றால், "நம்ம வீட்டுக்கு வந்துட்டோம்னு உள்ள இருக்கறவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

வீடு என்று அவர் சொல்வது லிண்டாரிங்கை. அரசாங்கக் கணக்கில் அது தனி ஊர் இல்லை. ஆல்டன்ப்ருக்கின் ஒரு பகுதி. புர்கி (ஊரில் எல்லோருக்கும் அவர் புர்கிதான்) சிறுமியாக இருந்தபோது, ஜெர்மனியின் பவேரியா மாநிலம் முழுக்கச் சிறிய ஊராட்சிகளைப் பெரியவற்றோடு சேர்த்தார்கள். லிண்டாரிங் மக்களிடம் ஓட்டுக் கேட்டார்கள். பாதிரியார் உட்பட எல்லோரும் வேண்டாம் என்றார்கள். கேட்டுக்கொண்டு சேர்த்துவிட்டார்கள். பழைய பெயர்ப்பலகையைக் கழற்ற வந்த நகர ஊழியருக்கு ஏணி பிடித்தவர் புர்கியின் அப்பா, லிண்டாரிங்கின் கடைசி ஊர்த்தலைவர். கழற்றிய பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். 'லிண்டாரிங் ஊராட்சி' என்று எழுதிய அந்தப் பலகைதான் இன்று புர்கியின் வாத்துக் கொட்டிலுக்குக் கதவு. இந்த வட்டாரத்தில் தனி ஊராட்சியில் வாழும் பாக்கியம் அவருடைய வாத்துகளுக்கு மட்டுமே வாய்த்திருக்கிறது.

புதிதாக நட்ட மஞ்சள் பலகையில் இரண்டு வரிகள். மேலே லிண்டாரிங். கீழே, சற்றுச் சின்ன எழுத்தில், ஆல்டன்ப்ருக் நகரம். பனி உருகியதும் புர்கி ஒரு வாளி வெந்நீரும் துணியுமாகப் போய்ப் பலகையைக் கழுவுவார். மேல் வரியை மட்டும். சோப்பு நுரை கீழே வழிந்தால் அதற்கு அவர் பொறுப்பல்ல. "கீழ் வரியை மழை பாத்துக்கும்" என்பார்.

அகன்ற தோள், கட்டையாக வெட்டிய நரைமுடி, குளிர்காலத்திலும் முழங்கை வரை சுருட்டிய சட்டைக் கை. எல்லாவற்றுக்கும் முன்னால் மூக்கு. லிண்டாரிங்கில் பாதிப் பேருக்கு அதே மூக்குதான்: நடுவில் சின்ன மேடு, நுனியில் ஒரு சரிவு. நானூறு வருடத்துக்கு முந்திய முப்பதாண்டுப் போரில் ஸ்வீடன் படை ஊரைக் கொளுத்தியபோது சுண்ணாம்புக் காளவாய்க்குள் ஒளிந்துகொண்ட ஒரே ஒரு குடும்பம் பிழைத்தது, இன்றைய ஊர் முழுக்க அந்தக் குடும்பத்தின் கிளை என்று இங்கே சொல்வார்கள். சான்று எங்கே என்று ஆல்டன்ப்ருக்காரர் ஒருவர் ஒருமுறை கேட்டார். புர்கி பக்கவாட்டில் திரும்பி நின்று காட்டினார்.

இத்தனை பெருமைக்கு நடுவில் அவருக்கு ஒரே ஒரு குறை இருந்தது. ஊரின் மரத்தைத் திருட யாரும் வருவதில்லை.

மே முதல் தேதி நடுகிற மரத்தைச் சொல்கிறேன். நாலு வருடத்துக்கு ஒருமுறை காட்டில் நெடிய ஊசியிலை மரம் ஒன்றை வெட்டி, பட்டை உரித்து, வெள்ளையும் நீலமுமாக வரிப்பட்டைகள் சுற்றி வர்ணம் பூசி, மே தினத்தன்று தேவாலயத்துக்கு எதிரே கைகளாலேயே தூக்கி நிறுத்துவார்கள். அதுவரை மரம் கொட்டகையில் படுத்திருக்கும். அப்போது அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து அதைத் திருட வேண்டும். அதுதான் மரியாதை. திருடியவர்களுக்குப் பீரும் சாப்பாடும் கொடுத்து மீட்க வேண்டும். போலீஸுக்குப் போனவன் பெயர் பேரப்பிள்ளை காலம்வரை நாறும். விதி எளிது: நுனி முதல் அடி வரை மரம் முழுதும் ஊர் எல்லையைத் தாண்டிவிட்டால் திருடியவர்களுடையது. அதற்குள் ஊர்க்காரர் ஒருவர் மரத்தின்மேல் கை வைத்து, "மரம் இங்கேதான்" என்று சொல்லிவிட்டால், திருட வந்தவர்கள் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும்.

லிண்டாரிங், நகரத்தோடு சேர்ந்த பிறகு ஒருவரும் வரவில்லை. சுற்றுவட்டாரத்து இளைஞர்கள், "ஆல்டன்ப்ருக் மரத்தைத் திருடினா பெருமை. அதோட வாலைத் திருடி என்ன செய்ய?" என்றார்கள். ஆல்டன்ப்ருக்கில் மரம் நடும் சங்கத்தின் தலைவர் கனிவாகவே சொன்னார்: "ஒரே வீட்டு மரம். நம்ம பொருளை நாமளே திருடறதா?" அந்தக் கனிவுதான் புர்கிக்கு அதிகம் எரிந்தது. திருட வருகிறவன் இருந்தால்தான் எல்லை. எல்லை இருந்தால்தான் ஊர்.

ஆனாலும் காவல் நடந்தது. புர்கியின் அண்ணன் ஓட்மாரின் கொட்டகையில்தான் மரம் எப்போதும் இருக்கும். ஓட்மாரும் கூட்டாளிகளும் சீட்டுக்கட்டும் பீர்ப் பெட்டியும் வைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருந்தார்கள். புர்கி காவலுக்கு வருகிறேன் என்றால், "வேண்டாம் தாயே, நீ ஹாரன் அடிச்சு மாட்டையெல்லாம் எழுப்பிடுவே" என்பார் ஓட்மார். "வராத திருடனுக்கு இவ்வளவு பீரா?" என்று புர்கி திருப்பிக் கேட்பார்.

இந்த ஏப்ரலில், மே தினத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஊர் மொத்தமும் சாப்பிடப் போனது. ஓட்மாரும் போனார். இரவில் இமை மூடாத காவலர்கள் அத்தனை பேரும் ஞாயிறு மத்தியானம் பன்றி ரோஸ்ட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள் என்பது பவேரியாவில் பிறந்த எவனுக்கும் தெரியும். புர்கி மட்டும் சாப்பிடப் போகவில்லை. அவருடைய வீட்டில் ரோஸ்ட்டுக்குத் தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு உருண்டை பிடிப்பது கணவர் லூட்விக்கின் வேலை, அது வேக நேரமாகும். அதற்குள் எல்லைக்கல்லுக்கு வெள்ளையடித்துவிடலாம் என்று டப்பாவும் தூரிகையுமாகக் கிளம்பிவிட்டார். மரம் நடுகிற வருடங்களில் கல்லுக்கும் புது வர்ணம். எந்த ஊராட்சி வரைபடத்திலும் இன்று அந்த எல்லை கிடையாது.

கல்லின் பின்பக்கத்தைப் பூசிக்கொண்டிருந்தபோது டிராக்டர் சத்தம் கேட்டது. நிமிர்ந்தார். ஊர்ப் பக்கமிருந்து, நடை வேகத்தில், வெள்ளையும் நீலமுமாக மரம் வந்துகொண்டிருந்தது. கொட்டகையில் கிடந்தபடியே இழுத்து வந்திருந்ததால் நுனி முன்னால், அடி பின்னால். இரண்டு பக்கமும் பத்துப் பதினைந்து இளைஞர்கள். டிராக்டரில் கொர்பினியன், ஆல்டன்ப்ருக் தச்சர் மகன். முதல் வகுப்பிலிருந்து மீசை முளைக்கும்வரை, அப்போது லிண்டாரிங்கையும் தாண்டி இருந்த அவர்கள் வீட்டிலிருந்து, புர்கியின் பஸ்ஸில் போய்வந்தவன்.

புர்கி தூரிகையோடு சாலை நடுவில் வந்து நின்றார். டிராக்டர் நின்றது.

"என்னடா கொர்பினியன், ஞாயித்துக்கிழமை அதுவுமா விறகு பொறுக்கக் கிளம்பிட்டீங்களா?"

"விறகு இல்ல புர்கி. மரம் திருடறோம்."

"யாரோட மரத்தை?"

"உங்க மரத்தைத்தான்."

"எங்க மரம்னா? ஒரே வீட்டு மரம்னு உங்க தலைவர் சொன்னாரே. சொந்த வீட்டுல எடுக்கறதுக்குத் திருட்டுன்னா பேரு?"

"அவரு கெடக்காரு" என்றான் ஒருவன் பின்னாலிருந்து. "போன வருஷம் எங்க சங்க ஹால் சமையலறை தீப்பிடிச்சப்ப, எங்க தீயணைப்பு வண்டி வர்றதுக்குள்ள உங்க ஆளுங்க அந்த ஓட்டை பம்ப்பைக் கொண்டுவந்து அணைச்சுட்டுப் போனாங்க. அன்னையிலிருந்து எங்க ஆளுங்களுக்கு ஒரே கடுப்பு. லிண்டாரிங்காரனுக்கு இவ்வளவு திமிரான்னு."

"லிண்டாரிங்காரனுக்கா?" என்றார் புர்கி, சரியாகக் காதில் விழாதவர்போல.

"லிண்டாரிங்காரனுக்குத்தான்!"

புர்கி மூக்கைச் சொறிந்துகொண்டார். மூக்கின் மேட்டில் ஒரு வெள்ளைப் பொட்டு ஒட்டியது.

"சரி, திருடியாச்சு. அப்ப ஏண்டா என்னைக் கண்டு நிக்கறே? போக வேண்டியதுதானே?"

"திருடியாச்சுன்னு எப்படிச் சொல்றது? இன்னும் எல்லை தாண்டலையே."

"எல்லையா? எந்த எல்லை?"

கொர்பினியன் டிராக்டரிலிருந்தே கை நீட்டிக் காட்டினான். "விளையாடறீங்களா? அந்தக் கல்லுதான். தினம் ரெண்டு தடவை ஹாரன் அடிச்சு என் தூக்கத்தைக் கெடுத்தீங்களே, அந்தக் கல்லு."

புர்கி திரும்பினார். கல்லைப் பார்த்தார். வர்ணம் காயாத கல், வெயிலில் இப்போதுதான் நட்டு வைத்ததுபோல மின்னியது. பிறகு சாலையை விட்டு ஓரமாக நகர்ந்து, கிட்டத்தட்ட மரியாதையாகவே, "போங்க" என்றார்.

இளைஞர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டிராக்டர் உறுமியது. நுனி கல்லைத் தாண்டியது. ஒருவன் தொப்பியைக் கழற்றி வீசினான். வெள்ளை, நீலம், வெள்ளை, நீலம் என்று மரம் அவர் கண்முன் நழுவியது, ஒரு நதி பொறுமையாகக் கடந்து போவதுபோல. ஊரைத் திருடிக்கொண்டு போகிறார்கள். அப்படியென்றால் திருட ஓர் ஊர் இருக்கிறது. நடு மரம் தாண்டியது. முக்கால் மரம் தாண்டியது. நகரத்து மண்ணில் வெற்றிப் பாட்டு தொடங்கிவிட்டது. கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள் நீளம் மட்டும் மிச்சம்.

புர்கி இரண்டு எட்டு வைத்து, கடைசி நீலப் பட்டையின்மேல் உள்ளங்கையை அழுத்தினார்.

"மரம் இங்கேதான்."

பாட்டு நின்றது.

"புர்கி, இது அநியாயம்! போங்கன்னு நீங்கதானே சொன்னீங்க!"

"போங்கன்னுதான் சொன்னேன். போயிடுங்கன்னா சொன்னேன்?" என்றார். "எங்க ஊரு மரம்டா. திருட வந்ததுக்கு நன்றி. திருட விட முடியாது."

கொர்பினியன் நெற்றியை ஸ்டியரிங்கில் முட்டிக்கொண்டான். சிரித்துக்கொண்டுதான். டிராக்டரைக் கழற்றி, சுற்றிக் கொண்டுவந்து அடிப்பக்கத்தில் மாட்டி, மரத்தைத் திரும்ப இழுத்து வந்தார்கள். கழுத்தில் கட்டிய சாப்பாட்டுத் துணியோடு ஊரே தெருவில் நின்றது. ஓட்மார் வாயிலிருந்த கவளத்தை விழுங்க மறந்து, "வந்தாங்களா? நிஜமாவே வந்தாங்களா?" என்று கேட்டார். திருடர்கள் அத்தனை பேருக்கும் மேசைகள் வெளியே வந்தன. தோற்ற திருடனுக்குச் சாப்பாடு போட வேண்டும் என்று விதியில் இல்லை. லூட்விக்கின் உருண்டைகள் போதவில்லை.

மே தினத்துக்கு முந்திய நாள், ஓட்மார் மரத்தைக் கடைசியாக ஒருமுறை சுற்றிப் பார்த்தார். நிறுத்தினால் ஆள் உயரத்தில் வரக்கூடிய நீலப் பட்டையில், ஐந்து விரலும் பதிந்த ஒரு வெள்ளைக் கை. "இதென்னது, அசிங்கமா?" என்று முணுமுணுத்து, நீல டப்பாவைத் திறந்து தூரிகையைத் தோய்த்தார்.

பக்கத்தில் காகிதப்பூ கட்டிக்கொண்டிருந்த புர்கி எழுந்து வந்தார். அண்ணன் கையிலிருந்து தூரிகையை வாங்கினார். டப்பாவின் மூடியை வைத்து, உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி அடித்து மூடினார்.