ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே ஓர் அமெரிக்க நடிகை

பதினான்கு வயதிலிருந்து எனக்கு அவளைத் தெரியும். அவளுக்குத்தான் என்னைத் தெரியாது. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களில் நடிப்பவள். முதல் தொடரில் காபிக் கடையில் தட்டு எடுத்துப் போகிற பெண். மொத்தமே இரண்டு வசனம். அப்புறம் ஆறு வருடம் போலீஸ் அதிகாரி. நாற்பது தாண்டியதும் யாரும் கூப்பிடவில்லை. அந்த வெற்று வருடங்களில் அவள் கொடுத்த பேட்டிகளைக்கூடத் தேடித் தேடிப் பார்த்திருக்கிறேன். இப்போது ஐம்பதுக்கு மேல், நீதிபதி வேடத்தில் திரும்பி வந்திருக்கிறாள். அந்தத் தொடர் தமிழில் வருகிறது, அவளுக்குக் குரல் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் விண்ணப்பித்துவிட்டேன்.

சென்னை ஸ்டுடியோவிலிருந்து ஒரு காட்சி வந்தது. சனிக்கிழமைக்குள் பேசி அனுப்ப வேண்டும். திங்கள்கிழமை மதுரையில் வங்கித் தேர்வு வகுப்பு. குரல் கொடுக்கும் வாய்ப்பு கிடைக்காவிட்டால் மறுபேச்சில்லாமல் அங்கே போய்விட வேண்டும் என்பது அம்மாவோடு பேச்சு.

ஆடிக் காற்றில் எங்கள் தேனி வீட்டில் எதைப் பதிவு செய்ய முடியும்? ஜன்னலும் தகரமும் சேர்ந்து பேசும். மாமாவின் ஏலக்காய் குடோனுக்குப் போனேன். மூட்டைகள் சத்தத்தை விழுங்கிவிடும். தரம் பிரிக்கும் பெண்கள் சாப்பிடப் போகிற முக்கால் மணி நேரம் என்னுடையது. அந்தப் பச்சை வாசனைக்குள் ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடினால், அவள் மூச்சு என் காதுக்குள் வந்து போகும். எது அவளுடையது, எது என்னுடையது என்று சமயத்தில் தெரியாது.

காட்சி இதுதான்: சிறையிலிருந்து மகன் வீடு திரும்புகிறான். அவள் ஒன்றே ஒன்று கேட்கிறாள், சாப்பிட்டாயா என்று. பதினோரு தடவை அழுதுகொண்டே கேட்டேன். அன்று வெளியே போகாமல் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்கா ஒருத்தி சிரித்துவிட்டாள்.

“ஏத்தா, பிள்ள வீடு வந்து சேந்திருக்கான். எழவு வீட்டுல கேக்குற மாதிரில்ல கேக்குற?”

“அவுக பெரிய நடிகைக்கா.”

“இருக்கட்டும். அவளும் பெத்தவதான?”

கோபத்தோடு அசல் காட்சியை மறுபடி ஓடவிட்டேன். அவள் அழவே இல்லை. முதுகைக் காட்டியபடி ஃபிரிட்ஜுக்குள் எதையோ தேடிக்கொண்டே கேட்கிறாள். இத்தனை வருடம் அவளைப் பார்த்த நான், நம்மூர் சாயங்காலத் தொடர்களின் அழுகையை அவள் வாயில் திணித்திருக்கிறேன். நானும் திரும்பி நின்று, ஒரு மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டே கேட்டேன். அதைத்தான் அனுப்பினேன்.

ஞாயிறு முழுக்கப் பதில் இல்லை. திங்கள் காலை மதுரை பஸ் ஆண்டிபட்டியைத் தாண்டும்போது ஸ்டுடியோவிலிருந்து போன் வந்தது. குரல் ரொம்பச் சின்ன வயசாக இருக்கிறதே என்று முதலில் தயங்கினார்களாம். அதோடு கணவாயில் சிக்னல் போய்விட்டது. வெளியே மலை நகர்ந்துகொண்டிருந்தது. எங்கேயோ அவள் பாதி வாய் திறந்தபடி காத்திருப்பதுபோல் இருந்தது.

இறக்கத்தில் மறுபடி அழைத்தார்கள். “அந்த ஒரு கேள்விய வேற யாரும் அப்படிக் கேக்கல. புதன்கிழமை வர முடியுமா?”

உசிலம்பட்டியில் இறங்கி, சாலையின் எதிர்ப்பக்கம் போய்த் தேனி பஸ்ஸுக்கு நின்றேன். அம்மாவிடம் என்ன சொல்வது? ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லிப் பார்த்தேன். எல்லாமே அந்த நடிகையின் குரலில்தான் வந்தது.