கேட்காமல் போன பேச்சு

ரேணுகாம்பாளுக்கு இருபது வயதில் வந்த காய்ச்சல் இரண்டு காதையும் கொண்டுபோனது. செங்கம் ரோட்டில் வெளியூர்க்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்கிறாள். வலது காதில் மாட்டியிருக்கும் மெஷின் இருந்தால்தான் அவளுக்குப் பேச்சு கேட்கும். ராத்திரியில் அதைக் கழற்றி, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்ட டப்பாவில் மூடி வைக்கச் சொல்லியிருந்தார் வேங்கிக்கால் காது டாக்டரம்மா. திருவண்ணாமலை வெயிலில் அதெல்லாம் எதற்கு என்று அவள் பல நாள் விட்டுவிடுவாள்.

போன ஆனி மாதம், கோழிக்கோட்டில் கொத்தனார் வேலைக்குப் போயிருந்த தம்பி முருகவேல் ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடப்பதாகச் சேதி வந்தது. அவன் மனைவி அன்புச்செல்வி மட்டும்தான் துணைக்கு இருந்தாள். ரேணுகாம்பாள் கட்டிய புடவையோடு காட்பாடி போய் ரயிலேறினாள். டப்பா வீட்டிலேயே நின்றுவிட்டது.

அங்கே மழை விடவேயில்லை. சுவரெல்லாம் ஈரம். மெஷினில் தண்ணீர் பட்டுவிடக்கூடாது என்று அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக முடிந்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு படுத்தாள். ஏற்கெனவே உள்ளே இறங்கியிருந்த வியர்வை வெளியேற வழியில்லை. காலையில் மாட்டியபோது கரகரவென்றது. பிறகு சத்தமே இல்லை. பேட்டரியை மாற்றிப் பார்த்தாள். பக்கத்துக் கட்டில்காரர் சைகை காட்டியபடி அரிசிக்குள் புதைத்து வைத்தாள்.

அன்றைக்குத்தான் முருகவேலுக்கு நினைவு தெளிந்தது. அன்புச்செல்வி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். அவன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தான். வாயில் ஆக்ஸிஜன் மாஸ்க், உதடும் தெரியவில்லை. மெஷின் கெட்டுப்போனதைச் சொல்ல வாயெடுத்தாள். அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை. சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும், அப்போது கேட்டுக்கொள்ளலாம் என்று தலையாட்டினாள். அவன் நிறுத்தி முகத்தைப் பார்த்தபோதெல்லாம் ஆட்டினாள். பேசி முடித்து அவன் கண்ணை மூடினான். பிறகு திறக்கவில்லை.

காரியம் முடிந்து, மெஷினையும் சரிசெய்து வாங்கிய பிறகு ஒருநாள் அன்புச்செல்வி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அண்ணி, அன்னிக்கு அவரு உங்ககிட்ட என்ன சொன்னாரு?”

நல்லதாக ஏதாவது சொல்லிவிடலாம் என்று ரேணுகாம்பாளுக்குத் தோன்றாமல் இல்லை. பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

“எனக்கு ஒண்ணுமே கேக்கல அன்பு. மெஷின் ஈரமாயிடுச்சு. சும்மா தலையாட்டிக்கினு இருந்தேன்.”

“நீங்க கேட்டுட்டீங்கன்னு நெனச்சுத்தான் போயிருக்காரு” என்று சொல்லிவிட்டு அன்புச்செல்வி எழுந்து உள்ளே போனாள்.

ரேணுகாம்பாள் விடுதியில் சொல்லி அவளுக்கும் வேலை வாங்கிக் கொடுத்தாள். தம்பி மகள் சினேகாவைத் தன்னோடு வைத்துப் படிக்க வைக்கிறாள். அவன் பாதியில் விட்டுப்போன வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று. ஒவ்வொன்றும் முடிந்ததும், இதைத்தான் கேட்டிருப்பானோ என்று நினைப்பாள். இல்லையோ என்ற சந்தேகம் உடனே வந்துவிடும். அடுத்து என்ன செய்யலாம் என்று தேட ஆரம்பித்துவிடுவாள்.