பிய்ந்த கன்னம்

செத்தவர்களுக்குள்ளும் முன்வரிசை, பின்வரிசை உண்டு. செத்தவர்கள் எழுந்து வரும் ஜாம்பிப் படங்களில் கூட்டத்தோடு கூட்டமாக நடக்கும் மூத்த மருமகளுக்கு அது நன்றாகத் தெரியும். முன்வரிசைக்கு ரப்பர்க் கன்னம், கிழிந்த உதடு, வெளுத்த கண் எல்லாம் வைப்பார்கள். பின்வரிசைக்குச் சாம்பல் நிறப் பவுடர், அவ்வளவுதான். எத்தனையோ படங்களாக அவள் பவுடர்ப் பிணம்.

முன்வரிசைக்கு ஆசைப்பட்டு வீட்டில் காலை இழுத்து இழுத்து நடந்து பழகினாள். "கால்ல என்ன, ஆணியா?" என்பான் புருஷன்.

ஒருநாள் ஆள் குறைகிறதென்று கொழுந்தன் மனைவியை அவளேதான் கூட்டிப்போனாள். இளையவளுக்குச் சலவைக்கடையில் இஸ்திரி போடும் வேலை. நின்று நின்று கனத்த கால்களோடு அவள் பாட்டுக்கு நடந்தாள். மேக்கப்காரர் நிமிர்ந்தார்.

"இந்தம்மாவ முன்னால நிறுத்துங்க. இதுதான் நடை."

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம். மூத்தவள் முணுமுணுத்துக்கொண்டாள்.

கன்னம் ஒட்டும்போது இளையவள் மேக்கப்காரரிடம் கேட்டாள். "ஏங்க, இந்த அழுகின மூஞ்சியப் பாக்கவா ஜனங்க திரும்பத் திரும்ப வராங்க?"

"பின்ன? செத்தும் வேலைக்குக் கிளம்புறவன் மூஞ்சி. தினம் காலைல கண்ணாடில பாக்குறதுதானேம்மா."

எல்லோரும் சிரித்தார்கள், மூத்தவளைத் தவிர.

அங்கே ஒரு வழக்கம். ஒட்டியது பிய்ந்தால் போட்டிருப்பவருக்குத் தெரியாது. பின்னால் நிற்பவர்தான் பார்த்துக் கை தூக்க வேண்டும். வெயிலில் இளையவளின் காதோரம் பசை இளகிப் பிரிவதை மூத்தவள் பார்த்தாள். ஷாட் கெட்டால் இவளைப் பின்னால் தள்ளுவார்கள், அந்த இடம் எனக்கு வரும். பழக்கத்தில் எழப்பார்த்த வலக்கையைத் தொடையோடு அழுத்திக்கொண்டாள்.

கேமரா ஓடியது. பாதி நடையில் கன்னம் கழன்று தொங்கியது. எல்லோரும் இரண்டு கையையும் நீட்டியபடியே நடக்க வேண்டுமென்பது உத்தரவு. கன்னத்தைத் தொலைத்தாலோ திட்டு விழும். இளையவள் சட்டென்று அதைப் பல்லால் கவ்விக்கொண்டு நடந்தாள்.

டைரக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "தன் கன்னத்தத் தானே தின்னுது. இது போதும், இதையே வெச்சுக்கலாம்."

"அக்கா, பின்னாலதானே வந்தீங்க, பிஞ்சது தெரியலியா?"

"பவுடர் கண்ணுல விழுந்துடுச்சுடி."

படம் வந்தது. போஸ்டரெல்லாம் அந்தக் கவ்விய கன்னம்தான். குடும்பத்தோடு போனார்கள். அந்தக் காட்சியில் கொட்டகை விசிலில் அதிர, மூத்தவள் பெற்ற மகளே எழுந்து நின்று, "எங்க சித்தி, எங்க சித்தி" என்று கத்தினாள்.

மூத்தவள் திரையில் தன்னைத் தேடினாள். முகம் படத்தில் விழவில்லை. நீட்டிய கைகளுக்கு நடுவே ஒரு சாம்பல் கை மட்டும் தொடையோடு ஒட்டிக் கிடந்தது.

இளையவள் அவள் தோளில் சாய்ந்தாள். "அது உங்க கைதானே, அக்கா? அது மட்டும் ஏன் நீட்டாம இருக்கு?"

"செத்தவ கைடி," என்றாள் மூத்தவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "தூக்க முடியல."