சங்கிலி போட்ட ஸ்கேன் மெஷின்

என் இடுப்பில் இப்போது ஒரு சாவி தொங்குகிறது. மஞ்சள் நைலான் கயிற்றில் கோத்த பித்தளைச் சாவி. ஸ்கேன் மெஷினைச் சுவரோடு பிணைத்திருக்கும் சங்கிலிப் பூட்டுக்கு உரியது. அவசரப் பிரிவுக்கு நான் பொறுப்பேற்ற அன்று கையில் கொடுத்தார்கள். வாங்கும்போதே எரிச்சலாக வந்தது. இதே சாவிக்காக ஒருவரிடம் தொண்டை கிழியக் கத்தியவள் நான்.

அவர் எங்கள் ஹெட் சிஸ்டர். நாசரேத்துக்காரர். காலையில் அந்தப் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்த பிறகுதான் டீயைத் தொடுவார். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக வந்த சட்டம்தான் அந்தப் பூட்டுக்குக் காரணம். நல்ல சட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் மெஷின் அறையை விட்டு ஓரடி நகர வேண்டுமென்றாலும் பதிவேட்டில் காரணம் எழுதி, சூப்பிரண்டண்டிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று எங்கள் ஆஸ்பத்திரி ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தது. சக்கரம் வைத்த மெஷினுக்குச் சங்கிலி! இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

ஒரு நாள் மத்தியானம் பெரியதாழையிலிருந்து ஏழு வயதுச் சிறுமியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வள்ளத்தைக் கரையேற்றும்போது கயிறு அறுந்து, நுனியிலிருந்த இரும்புக் கொக்கி அவள் நெஞ்சில் அடித்திருந்தது. கட்டிலிலேயே படுக்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் பிடிபடவில்லை. பிள்ளையோ மூச்சுக்குத் தவித்தாள். உதடு நீலம் பாய்ந்துகொண்டிருந்தது. நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று கசிந்து நுரையீரலை அமுக்குகிறதா, எந்தப் பக்கம் என்று உடனே தெரிய வேண்டும். ஸ்கேனில் அரை நிமிட வேலை. ஆக்சிஜனை விட்டு அவளை நகர்த்த வழியில்லை. மெஷின்தான் வர வேண்டும்.

“காரணம் எழுதுங்க, டாக்டரம்மா” என்றார் சிஸ்டர்.

‘அவசரம்’ என்று கிறுக்கினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

“இங்கன வார எல்லாருக்கும் அவசரந்தான். என்னன்னு வெவரமா எழுதணும். சூப்பிரண்டண்ட் வேற சாப்பிடப் போயிருக்காரு.”

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. “பொம்பளப் பிள்ளயக் காப்பாத்தத்தான சிஸ்டர் இந்தப் பூட்டு? அங்கன ஒரு பொம்பளப் பிள்ள சாகக் கெடக்கு. போய்ப் பாருங்க!”

அவர் போய்ப் பார்க்கவில்லை. குனிந்து பூட்டைத் திறந்தார். நான் கை கொடுப்பதற்குள் மெஷினைத் தள்ளிக்கொண்டு ஓடினார், தன் தீராத முட்டி வலியோடு. “ஏளா, பிள்ள கைய அசையாமப் பிடி” என்று அந்தத் தாயை அதட்டினார்.

வலப்பக்கம் நுரையீரலின் ஓரம் மூச்சுக்கு மூச்சு வழுக்கி அசைவது திரையில் தெரிந்தது. இடப்பக்கம் அசைவே இல்லை. அங்கே குழாய் போட்டதும் காற்று குமிழியிட்டு வெளியேறியது. கொஞ்ச நேரத்தில் சிறுமி “அம்மா, தண்ணி” என்றாள். தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது.

ஆனாலும் சிஸ்டர்மேல் கோபம் தீரவில்லை. ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதன் பிறகுதான் அனுமதியில்லாமல் மெஷினை எடுத்ததற்கு மெமோ வந்திருப்பது தெரிந்தது. என் பெயருக்கு அல்ல, அவர் பெயருக்கு. பதிவேட்டைப் புரட்டினேன். என் ‘அவசரம்’ அடிக்கப்பட்டிருந்தது. கீழே அவருடைய குண்டு குண்டான எழுத்தில் ‘பெண் பிள்ளை. மூச்சுக்காக’ என்றிருந்தது. பக்கத்தில் அவர் கையெழுத்து மட்டும்.

“கேட்டது நான்தான, சிஸ்டர்? எம்பேரச் சொல்லிருக்கலாம்லா?” என்றேன்.

“சாவி என் இடுப்புலதான கெடந்துது” என்றார்.

அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். சங்கிலி போகவில்லை. எத்தனை மனு எழுதினேன்! இன்று காலை டூட்டி டாக்டர் “மேடம், சாவி! சின்னப் பையன், நெஞ்சுல அடி” என்று ஓடி வந்தாள். “காரணம் எழுதியாச்சா?” என்று கேட்டுவிட்டேன். ச்சே, என் வாயாலேயே! அவள் என்னை முறைத்தாள். சாவியைக் கழற்றிக் கொடுத்து ஓடச் சொன்னேன். பிறகு பதிவேட்டை இழுத்து, ‘பிள்ளை. மூச்சுக்காக’ என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டேன்.