நீலம் ஒட்டிய ஐந்து இடங்கள்

போன மாதம் உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது எஸ்தரின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "என்ன மேடம், லீவு முடிஞ்சுதா?" என்று உற்சாகமாகத்தான் ஆரம்பித்தேன். "சார், நான் அவுங்க தம்பி பேசறேன். அக்கா காலைல தவறிப் பூட்டாங்க சார்" என்றது ஓர் ஆண் குரல். அடக் கடவுளே! காய்ச்சல் என்று பத்து நாள் விடுப்பில் போனவர். காஞ்சிபுரம் பஸ் வந்து நின்று, கிளம்பியும் போனது. நான் ஏறவில்லை.

எஸ்தரும் நானும் ஒன்பது ஆண்டுகள் ஒரே பொறியியல் கல்லூரியில், ஒரே அறையில் வேலை பார்த்தோம். இரண்டு பொருள்கள் ஒட்டியிருக்கும் இடம் சேதமானால் அதன் வழியே சூடு எப்படிப் போகும், பாரம் எப்படி இறங்கும் என்று கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பது எங்கள் வேலை. அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும், பேசுவது குறைவு, பேசினால் விடமாட்டார். எனக்கோ மூக்கின் மேல் கோபம்.

என் சித்தப்பாவுக்கு ஒரு புழுங்கல் அரிசி மில் உண்டு. அங்கே உமி அடுப்பின் இரும்புச் சுவருக்கும் உள்ளே கட்டிய செங்கல்லுக்கும் நடுவே விரிசல் விட்டிருந்தது. அறுவடை நெருங்கிவிட்டதால், அடுப்பை எரிக்கலாமா என்று எங்களைக் கேட்டார். சூட்டில் செங்கல் விரியும், விரிசல் மூடிக்கொள்ளும். மூடிய பிறகு பழையபடி ஒட்டியதாகவே வைத்து நான் கணக்குப் போட்டேன். எரிக்கலாம் என்று விடை வந்தது. எஸ்தர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

மறுநாள் அந்த அடுப்பிலிருந்து பெயர்ந்த செங்கல் ஒன்றைக் கொண்டுவந்தார். இரும்புத் தகட்டில் சொட்டு நீலம் தடவி, செங்கல்லை அதன்மேல் வைத்து, தானே ஏறி நின்றார். திருப்பிப் பார்த்தால் ஐந்தே இடங்களில் நீலம். "மூடிக்கிச்சுன்னா ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தமா சார்? இந்த அஞ்சு எடத்துல தான் தொடுது. சூடு, பாரம் எல்லாம் இது வழியா தான் போவணும். இரும்பு தாங்காது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "எங்க வீட்டு மில்லுங்கறதால தானே இப்படிக் குடையறீங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "யார் மில்லுன்னு கணக்குக்குத் தெரியாது சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்று வாரம் வேலை தவிர வேறு பேச்சில்லை. நீலம் பட்ட இடங்கள் மட்டுமே தொடுவதாகக் கணக்கைத் திருத்தி எழுதினார். இந்த முறை விடை தலைகீழாக வந்தது.

செங்கல்லை முழுக்கப் பெயர்த்தபோது இரும்புச் சுவரில் விரல் நீளத்துக்கு இரண்டு வெடிப்புகள் இருந்தன. "நல்ல வேள நைனா! எரிச்சிருந்தா இன்னா ஆயிருக்கும்?" என்று சித்தப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எஸ்தரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். நான்கு வருடம் நினைத்துக்கொண்டேதான் இருந்தேன்.

திருமுக்கூடலுக்குப் பக்கத்தில் அவர் ஊர்க் கல்லறையில் அடக்கம் நடந்தது. மண் போட்டு முடிந்ததும் அவருடைய தம்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த முகத்தை எங்கேயோ பார்த்த நினைவு. "உங்க சித்தப்பா மில்லுல தான் சார் பத்து வருஷமா உமி தள்றேன். அந்த அடுப்பாண்ட நான் தான் நின்னுக்கினு இருப்பேன். அக்கா சொல்லலியா?"

சொல்லவில்லை என்றேன்.

"தம்பிக்காவ பேசறேன்னு நெனச்சா கணக்க நம்ப மாட்டாங்க, நீ வாய மூடிக்கினு இருன்னுச்சு சார்."

அங்கேயே அழுதுவிட்டேன். தம்பியின் உயிருக்காக மூன்று வாரம் என்னோடு மல்லுக்கட்டியவர், தம்பி என்ற ஒரு சொல்லைக்கூட வெளியே விடவில்லை. சித்தப்பாவுக்காக அவசரப்பட்ட நான்தான் அவரிடம் உள்நோக்கம் தேடியிருக்கிறேன்.

எஸ்தரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். எந்த அறிக்கையில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பும், அந்த இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவர் யார் என்று விசாரிக்கிறேன். அதை முதன்முதலாகக் கேட்டது அந்தக் கல்லறையில்தான். பத்து வருடம் எங்கள் மில்லில் வேலை பார்த்தவரிடம், "உங்க பேர் என்ன?" என்றேன்.

"சாமுவேல் சார்" என்றார்.